துப்பாக்கி தொடாத நடிகர்களின் பட்டியல்

ரங்கூனில் மின்சாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்துகொண்டிருந்த காலத்தில் நடந்தது இது. அப்போது எங்கள் ஊரில் எல்லாவற்றுக்கும் பட்டியல் உண்டு. வீட்டில் இரவு தங்கும் விருந்தாளிகளுக்கு ஒரு பட்டியல். பாடக் கூடாத பாட்டுகளுக்கு ஒன்று. பத்திரிகையில் பெயர் வரக் கூடாதவர்களுக்கு ஒன்று. ஏதாவது ஒன்றில் நம் பெயர் இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். எதில் என்பதுதான் தெரியாது. ஆனாலும் ஊ சான் நியோ என்று எல்லோரும் மரியாதையாக அழைத்த நடிகரின் பெயர் ஏறிய பட்டியலைப் போன்ற ஒன்றை நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. அதன் தலைப்பு இதுதான்: "திரையில் ஒருபோதும் போர் புரியாத புகழ்பெற்ற நடிகர்கள்."

பிள்ளைகளா, உங்களில் பாதிப் பேருக்குச் சான் நியோவைத் தெரிந்திருக்காது. அது உங்கள் தப்பில்லை. அவர் நூற்றுப் பதினெட்டுப் படங்களில் நடித்தார். தபால்காரர், படகோட்டி, பள்ளிக்கூட வாத்தியார், மனைவி விட்டுவிட்டுப் போன கணவர். பெரிய காதுகள், மன்னிப்புக் கேட்கிற மாதிரிக் கண்கள். அவரை எல்லாப் படத்திலும் யாராவது அறைவார்கள். அறையாவிட்டால் கெட்ட செய்தி கொண்டுவருவார்கள். தட்டுக் கழுவிக்கொண்டே அவர் கெட்ட செய்தியைக் கேட்டார் என்றால், கொட்டகை முழுக்க மூக்குறிஞ்சும் சத்தம் எழும். ஒருமுறை ஒரு இயக்குநர் அவருக்கு ஒரு துப்பாக்கி கொண்டுவரச் சொன்னார். விளக்குப் பிடிக்கிற பையனிலிருந்து கதாநாயகி வரைக்கும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். உடனே துப்பாக்கியை வேண்டாம் என்றுவிட்டு, லாந்தரைக் கொடுத்துவிட்டார்கள். அந்தப் படம் நன்றாக ஓடியது.

சான் நியோவுக்கும் அவர் மனைவி மியா யீக்கும் ஒரே மகள், கேத்தி. மருத்துவம் படித்துக்கொண்டிருந்தாள். எண்பத்தெட்டாம் ஆண்டு மாணவர்கள் தெருவில் இறங்கி, தெருவில் சுடப்பட்டபோது, மிஞ்சியவர்களோடு, நாற்பது வருடமாக ராணுவத்தோடு சண்டை போடும் கிளர்ச்சிக்காரர்கள் இருந்த எல்லைக் காட்டுக்குள் போய்விட்டாள். அங்கே காயம்பட்டவர்களுக்குக் கட்டுப் போடுகிறாள் என்று காதோடு காதாகச் செய்தி வந்தது. கேட்பவர்களிடம் மியா யீ, "அவ வடக்க அத்தை வீட்ல இருந்து டீச்சர் வேலை பாக்குறா" என்று சொல்வாள். கேட்பவர்களும் "அப்படியா, குளிரான ஊராச்சே" என்பார்கள். யாரும் நம்பவில்லை, யாரும் மறுக்கவும் இல்லை. எங்கள் ஊரில் அதற்குப் பெயர் அண்டை வீட்டுப் பாசம்.

மழைக்காலம் முடிந்து, காட்டின் மேல் படையெடுக்கிற பருவம் நெருங்கியபோது சான் நியோவுக்கு ஒரு கடிதம் வந்தது. அனுப்பியது, "போர் புரியாத நடிகர்களைக் கண்டறிதல், சரிபார்த்தல் மற்றும் மாசுபடாமல் பேணுதல் குழு."

"என்னங்க இது, பாராட்டா, கைதா?" என்று கேட்டாள் மியா யீ.

"ரெண்டுக்கும் ஒரே மாதிரிதானே எழுதுவாங்க. போனாத்தான் தெரியும்" என்றார் சான் நியோ.

குழுவின் தலைவர் கர்னல் ஜோ ஸேயா. அவருடைய அறையில் மூன்று கடிகாரங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரம் காட்டியது. தன் மேலதிகாரிகள் மூவரின் கடிகாரங்களோடும் ஒத்துப்போக வேண்டும் என்று அப்படி வைத்திருந்தார். பக்கத்தில் சின் மார் என்ற எழுத்தர், பேசப் பேச எழுதிக்கொண்டிருந்தாள்.

"ஊ சான் நியோ, மொதல்ல நாட்டு சார்பா பாராட்டு. நூத்திப் பதினெட்டுப் படம். ஒரு துப்பாக்கி இல்ல, ஒரு வாள் இல்ல. எப்படி சாதிச்சீங்க?"

"யாரும் குடுக்கலீங்க."

"அடக்கம்னு எழுது" என்றார் கர்னல். சின் மார் எழுதினாள்.

பிறகு விஷயத்தைச் சொன்னார். நாட்டை ஆள்கிற பெரிய தளபதிக்குக் கிரகம் சரியில்லை. காட்டில் இருக்கிறவர்களை நாற்பது வருடமாக ஒழிக்க முடியாததற்கு அதுதான் காரணம் என்று அவருடைய சோதிடர் கண்டுபிடித்திருந்தார். அதற்குப் பரிகாரமும் சொல்லிவிட்டார். விளையாட்டுக்குக்கூட ஆயுதம் பிடித்து நடிக்காத கை, ஆனால் ஊரே அறிந்த முகம். அப்படிப்பட்ட ஒருவர் ராணுவ உடுப்பில், ஒன்பது மணி ஒன்பது நிமிடத்துக்கு, எதிரிகளைப் போலச் செய்த ஒன்பது வைக்கோல் பொம்மைகளைச் சுட வேண்டும். அதைப் படம் பிடித்து, நாடு முழுக்க ஒவ்வொரு கொட்டகையிலும் காட்ட வேண்டும். பார்க்கிற கண்கள் பெருகப் பெருக, காட்டில் இருப்பவர்கள் தானாகச் சாய்ந்துவிடுவார்கள்.

"ஆயுதமே தொடாத ஆளுங்க ஊர்ல நெறையப் பேர் இருப்பாங்களேய்யா. மீன்காரம்மா, வாத்தியாருங்க..."

"சாதாரண ஆளா இருந்தா கிரகங்களுக்கு அடையாளம் தெரியாது" என்றார் கர்னல்.

"எனக்குச் சுடத் தெரியாதுங்களே."

கர்னல் எழுந்து நின்றுகொண்டார். பேருரை வருகிறது என்று புரிந்து சின் மார் புதுத்தாள் எடுத்தாள்.

"அதுதானய்யா தகுதி. நாப்பது வருஷமா நாங்க சுடறோம். லட்சம் பேருக்குச் சுடக் கத்துக் குடுத்திருக்கோம். பட்ஜெட்ல பாதி எங்களுக்குத்தான், மீதியும் எங்ககிட்டதான் இருக்கு. சுடத் தெரிஞ்சவனால ஒண்ணும் ஆகாதுன்னு சந்தேகத்துக்கு இடமில்லாம நாங்க நிரூபிச்சுட்டோம். அதனால இப்ப நிபுணர்கள விட்டுட்டு ஒங்களாண்ட வந்திருக்கோம். இதவிட நேர்மையான ராணுவம் வேற எங்க இருக்கு, சொல்லுங்க."

கர்னல் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஒரு பொண்ணு இருக்கறதா கோப்பு சொல்லுது."

"வடக்க... அத்தை வீட்ல. டீச்சர்."

"சரி. ஒங்க பொண்ணு எங்க இருக்கான்னு எங்களுக்குத் தெரியாது. தெரியாதுங்கறத ரொம்பப் பத்திரமா வெச்சிருக்கோம். விழா நல்லபடியா முடிஞ்சா, தொடர்ந்து தெரியாமலே வெச்சுக்கலாம். ஒங்க சம்சாரம் சௌக்கியந்தானே?"

வீட்டுக்கு வந்து சான் நியோ எல்லாவற்றையும் சொன்னார். மியா யீ கேட்டு முடித்துவிட்டு, வாசலை எட்டிப் பார்த்துக் கதவைச் சாத்தினாள்.

"பொம்மைக்கு என்ன உடுப்பு போடுவாங்க?"

"காட்ல இருக்கற பிள்ளைங்க போடற உடுப்புதான். அதுல ஒண்ணு தோள்ல மருந்துப்பை மாட்டியிருக்குமாம். பாத்துப் பாத்து செய்யறாங்க."

"எல்லை ஊர்ல வீடியோக் கொட்டகை இருக்குங்க. அங்க இருந்து காட்டுக்கு என்னென்னமோ போகுது. அவ பாக்க மாட்டாளா? கூட இருக்கறவங்க பாக்க மாட்டாங்களா? 'உங்கப்பன் எங்களச் சுடறான் பாருடி'ன்னு சொல்ல மாட்டாங்களா?"

"வைக்கோல்தானே மியா யீ."

"நீங்க கழுவுன தட்டும் காலித் தட்டுதான். அதுக்கே ஊரு அழுதுச்சு."

மாட்டேன் என்று சொன்னால் கர்னல் தெரிந்துகொள்ள ஆரம்பித்துவிடுவார். மகள் காட்டில் இருக்கிறாள். மனைவி கர்னலின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறாள். ஆகவே ஒரே வழிதான் இருந்தது: பட்டியலிலிருந்து பெயரை எடுக்க வைப்பது. நூற்றுப் பதினெட்டுப் படங்களில் எங்கேயாவது, எப்போதாவது, தான் சண்டை போட்டிருப்பதாக நிரூபிக்க வேண்டும்.

மொத்தம் மூன்று பேர் பட்டியலில் இருந்தார்கள். ஒருவர் காதல் படங்களின் கதாநாயகர். ஒரு பாட்டில் அவர் குடையை வாள் மாதிரிச் சுழற்றியதாக யாரோ மொட்டைக் கடிதம் போட்டார்கள், நீக்கிவிட்டார்கள். கடிதத்தின் கையெழுத்து அவருடையது மாதிரியே இருந்தது என்று சின் மார் பிற்பாடு சொன்னாள். இன்னொருவர் நகைச்சுவை நடிகர். செய்தி கேட்ட அன்று மத்தியானமே ஸ்டூடியோவுக்கு ஓடி, பக்கத்துத் தளத்தில் நடந்துகொண்டிருந்த ராஜா படத்துக்குள் புகுந்து, யாரும் கேட்காமலே நாலு பேரை வெட்டிவிட்டு வந்தார். மிஞ்சியவர் சான் நியோ. அவருக்கு எதையுமே தாமதமாகத்தான் செய்யத் தெரியும்.

பதினோரு பேர் கொண்ட உபகுழு அவருடைய படங்களைப் பார்க்க உட்கார்ந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள்தான் மின்சாரம் என்பதால், ஒரு படத்தில் சான் நியோ அறை வாங்கத் திரும்பினால் மறுநாள் கழித்துத்தான் அறை விழும். இடைப்பட்ட நாளில் உபகுழு விவாதித்தது. அதன் குறிப்பேட்டைச் சின் மார் எனக்குக் காட்டியிருக்கிறாள். அதில் எழுதியிருந்தபடியே சொல்கிறேன்.

ஏழாவது படத்தில் நடிகர் கத்தியால் வெங்காயம் நறுக்குகிறார். வெங்காயம் அரசின் எதிரி அல்ல; மேலும் அழுதவர் நடிகரே. மாசு இல்லை. முப்பத்திரண்டாவது படத்தில் கொசுவை அடிக்கிறார். கொசு தப்பிவிட்டது. மாசு இல்லை. ஐம்பதாவது படத்தில் மனைவியைத் துடைப்பத்தால் அடிக்க ஓங்குகிறார். மனைவி துடைப்பத்தைப் பிடுங்கி அவரை அடிக்கிறாள். இது உள்நாட்டு விவகாரம். ஆயுதம் எதிரியிடம் போய்விட்டதால் இதைப் போராகக் கொள்ளலாமா என்று ஒரு உறுப்பினர் கேட்டார். அப்படியானால் வடகிழக்கில் நம் படை ஆயுதங்களைப் பறிகொடுத்ததையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டியிருக்கும் என்று இன்னொருவர் சொன்னார். அவர் பெயர் அடுத்த கூட்டத்திலிருந்து குறிப்பேட்டில் இல்லை.

சான் நியோ தானே போய் வாக்குமூலம் கொடுத்தார். "அய்யா, நான் வாத்தியாரா நடிச்ச படங்கள்ள பிள்ளைங்களப் பெரம்பால அடிச்சிருக்கேன்."

"கல்விப் பணி" என்றார் கர்னல்.

"வாத்து அறுத்திருக்கேன்யா."

"சமையல்."

"மனசுக்குள்ள நெறையப் பேர அடிச்சிருக்கேன்யா. அது மொகத்துல தெரியும், உத்துப் பாத்தா."

கர்னல் கொஞ்சம் யோசித்தார். "மனசுக்குள்ள நடக்கறதுக்கு வேற துறை இருக்கு. அங்க மாத்தி விடட்டுமா?"

வேண்டாம் என்று சான் நியோ அவசரமாக எழுந்து வந்துவிட்டார்.

அப்போதுதான் அவருக்கு அறுபத்தொன்றாம் ஆண்டு ஞாபகம் வந்தது. கதாபாத்திரம் என்று எதுவும் கிடைக்காத காலம். ஒரு ராஜா படத்தில் கூட்டத்தோடு கூட்டமாக ஈட்டி பிடித்துப் படைவீரனாக நின்றிருக்கிறார். அதுதான் அவருடைய ஒரே போர். படம் இப்போது இல்லை. பிளாஸ்டிக் பஞ்சத்தில் அதை உருக்கி வளையல் செய்துவிட்டார்கள். மியா யீகூட ஒரு ஜோடி வாங்கியிருந்தாள். ஆனால் பக்கத்தில் நின்று ஈட்டி பிடித்த ஊ தூன் உயிரோடு இருந்தார். முப்பத்தாறாம் தெருத் தேநீர்க்கடையில் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரே முக்காலியில் உட்கார்ந்திருப்பார்.

"ஈட்டி பிடிச்சேன்னு சொல்லணும். அவ்வளவுதான்ணே. வேற ஒண்ணும் சொல்லாதீங்க" என்றார் சான் நியோ.

"பிடிச்சியே! நான்தான் கண்ணால பாத்தேனே. இந்தத் தூன் உண்மையச் சொல்லப் பயப்படுவானா?" என்றார் ஊ தூன். வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு, நல்ல கைலி மாற்றிக்கொண்டு வந்தார்.

குழுவின் முன்னால் நெஞ்சு நிமிர்த்தி நின்றார். "பிடிச்சான்யா. ஆறடி ஈட்டி. நான் சாட்சி."

சான் நியோவின் முகம் மலர்ந்தது. கர்னலின் முகம் சுருங்கியது. பதினோரு பேரில் மிஞ்சியிருந்த பத்துப் பேரும் பேனாவை எடுத்தார்கள்.

"எவ்வளவு நேரம்?" என்று கேட்டார் கர்னல்.

"அன்னிக்கு முழுக்கப் பிடிச்சான்யா. மழையில்ல அன்னிக்கு? எல்லாருக்கும் கைலி நனஞ்சுபோச்சு. ராணி அம்மாவோட பட்டு உடுப்புகூட நனஞ்சிருச்சு. இவன்தான்யா ஈட்டியப் படுக்கவாட்டுல பிடிச்சுக்கிட்டு நின்னான். நாங்க பதினாலு பேரும் துணியக் காயப் போட்டோம். ஆடாம அசையாம நின்னான்யா. நல்ல பிள்ளை. துணி காயறதுக்குள்ள சண்டைக் காட்சிய எடுத்து முடிச்சிட்டாங்க, இவன் அதுல இல்ல."

சான் நியோ கண்ணை மூடிக்கொண்டார்.

"கொடிக்கம்பு" என்றார் கர்னல் நிம்மதியாக. "மாசு இல்லைன்னு எழுதும்மா."

வெளியே வந்ததும் ஊ தூன் கேட்டார்: "சரியாச் சொன்னேனா?"

"ரொம்ப சரியாச் சொன்னீங்கண்ணே" என்றார் சான் நியோ. அவருக்குத் தேநீரும் வாங்கிக் கொடுத்தார். அப்படிப்பட்ட மனிதர்.

சான்றிதழ் வந்தது. அதோடு மாசுபடாமல் பேணுதலும் தொடங்கியது. விழாவுக்கு முன்னால் அவர் எந்த ஆயுதத்தின் அருகிலும் போய்விடக் கூடாது. வீட்டிலிருந்த கத்தி, அரிவாள்மணை, பாக்குவெட்டி, நகவெட்டி எல்லாவற்றையும் எடுத்துப் போனார்கள். சவரக்கத்தி தடை, தாடி வளர்ந்தது. வாசலில் காவலுக்கு ஒரு சிப்பாயைப் போட்டார்கள். சிப்பாயிடம் துப்பாக்கி இருந்தால் அதுவே மாசு என்று யாரோ சுட்டிக்காட்ட, துப்பாக்கியை வாங்கிக்கொண்டு குடையைக் கொடுத்தார்கள். குடை விஷயத்தில் முன்னுதாரணம் இருப்பதால் அதையும் விரிக்கக் கூடாது என்று உத்தரவு. அந்தச் சிப்பாய் கையில் குடையோடு, வெயிலில் நின்றான். மியா யீ அவனுக்கு இரண்டு வேளை மொகிங்கா, அதாவது மீன்குழம்பு ஊற்றிய சேமியா, கொடுத்தாள். மீனைக் கையாலேயே பிய்த்துப் போட்டுச் செய்தது.

"காய் நறுக்க வழியில்ல. இனிமே இந்த வீட்ல சண்டை போடணும்னா வாயாலதான் போடணும்" என்றாள்.

"இதுவரைக்கும் வேற எதாலயாவது போட்டியா?"

"போட்டிருந்தா நீங்க பட்டியல்லயே ஏறியிருக்க மாட்டீங்க."

இருவரும் சிரித்தார்கள். பிறகு இருவரும் சிரிக்கவில்லை. விழாவுக்கு மூன்று நாள் இருந்தது.

"என்ன செய்யப் போறீங்க?"

"தெரியல. அறுபத்தோரு வயசுல ஒண்ணு மட்டும் தெரிஞ்சு வெச்சிருக்கேன். யாராவது ஏதாவது குடுத்தா வாங்கிக்கத் தெரியும். திருப்பிக் குடுக்கத் தெரியாது."

ஒத்திகையும் பார்க்க முடியாது. துப்பாக்கியைத் தொட்டால் கை பழகிவிடும், பரிகாரம் கெட்டுவிடும். கர்னல் வெறுங்கையால் காட்டிக் கொடுத்தார். மூன்று கடிகாரத் தொல்லை இருந்ததால், நேரம் தவறாமலிருக்க ஒரு ஏற்பாடும் செய்தார். சரியாக ஒன்பது ஒன்பதுக்குத் தானே கைத்துப்பாக்கியால் வானத்தை நோக்கி ஒரு வேட்டு வைப்பதாகவும், அந்தச் சத்தம் கேட்டதும் சான் நியோ பொம்மைகளைச் சுட வேண்டும் என்றும் சொன்னார். படச்சுருள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஆகவே எல்லாம் ஒரே தடவை.

விழா நாளன்று மைதானத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். பெரிய தளபதி வந்து உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்த பிறகுதான் மற்றவர்களுக்கு நாற்காலி இருக்கிறது என்பது கண்ணில் பட்டது. சோதிடர் ஒரு செம்பில் தண்ணீர் வைத்துக்கொண்டு, வெயில் அதில் விழுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே ஒன்பது வைக்கோல் பொம்மைகள். ஆறாவது பொம்மையின் தோளில் மருந்துப்பை. தையற்காரர் ஆர்வத்தில் அதற்குக் கூந்தல் வைத்துப் பின்னலும் போட்டிருந்தார்.

கர்னல் பேசினார். "பெரிய தளபதி அவர்களே! இந்த நாட்டுல சண்டை போடாத ஒரு மனுஷனைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஆறு மாசம் ஆச்சு. கண்டுபிடிச்சோம். இன்னையோட அந்தக் குறையையும் தீத்துடறோம்."

எல்லோரும் கை தட்டினார்கள். என்ன சொன்னோம் என்று கர்னல் யோசித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

சான் நியோ ராணுவ உடுப்பில் வந்து நின்றார். தொப்பி காதுகளில் தங்கி நின்றது. சிரிக்கக் கூடாது என்று முன்கூட்டியே சுற்றறிக்கை விட்டிருந்ததால் யாரும் சிரிக்கவில்லை; சிப்பாய்கள் உதட்டைக் கடித்துக்கொண்டார்கள். அவர் கையில் துப்பாக்கியைக் கொடுத்தார்கள். கேமரா ஓட ஆரம்பித்தது. அவர் வரிசையாகப் பொம்மைகளைப் பார்த்தார். ஆறாவதிடம் வந்ததும் கண் நின்றுவிட்டது.

கர்னல் கையைத் தூக்கினார். வேட்டுச் சத்தம் கேட்டது.

சான் நியோ வாங்கிக்கொண்டார்.

எப்படிச் சொல்வது! முப்பது வருடம் அறைகளையும் கெட்ட செய்திகளையும் வாங்கிய உடம்பு, இல்லாத குண்டை நெஞ்சுக்குள் வாங்கிக்கொண்டது. துப்பாக்கி நழுவி மண்ணில் விழுந்தது. ஒரு அடி பின்னால் போனார். தன் நெஞ்சைத் தானே ஆச்சரியமாகப் பார்த்தார், யாரோ தபாலில் எதையோ அனுப்பியிருப்பது போல. முழங்கால் மடிந்தது. பிறகு எழப் பார்த்தார். எழுந்துகூட விட்டார். இரண்டு அடி நடந்து, ஆறாவது பொம்மையின் காலடியில் போய் விழுந்து, வைக்கோல் கையைப் பிடித்துக்கொண்டு, ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல், மெதுவாக, மிக மெதுவாகச் செத்துப்போனார். நாலு நிமிடம் ஆயிற்று. கேமராக்காரர் அழுதுகொண்டே சுருள் தீரும்வரை ஓட்டினார்.

வேட்டு வைத்த கையைக் கர்னல் இன்னும் இறக்கவில்லை. சோதிடர் செம்பைக் கவிழ்த்துவிட்டார். ஒன்பது பொம்மைகளும் ஒரு கீறல் இல்லாமல் நின்றன.

அப்போது பெரிய தளபதி எழுந்து கை தட்டினார். அவருக்குச் சினிமா பிடிக்கும். விழாவே இதுதான் என்று நினைத்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பிரமாதம்" என்று சொல்லி, காரில் ஏறிப் போய்விட்டார்.

இனி யாரால் என்ன சொல்ல முடியும்? தளபதி கை தட்டியது தப்பாக இருக்க முடியாது. ஆகவே நடந்தது சரி. ஆகவே சான் நியோ போர்க்களத்தில் செத்துவிட்டார். மிஞ்சிய ஒரே சிக்கல், அவரைச் சுட்டது யார் என்பது. அன்று மைதானத்தில் வெடித்தது ஒரே ஒரு வேட்டு, அது கர்னலுடையது. விசாரணைக் குழுவுக்குக் கர்னலே தலைவராக இருந்ததால் உண்மை சீக்கிரம் வெளிவந்தது: சுட்டது ஆறாவது பொம்மை. அதைக் கைது செய்து, கிடங்கில் பூட்டி, வாசலில் அந்தக் குடைச் சிப்பாயைக் காவலுக்குப் போட்டார்கள். மறுநாள் பத்திரிகையில் முதல் பக்கம்: "புகழ்பெற்ற நடிகர் கிளர்ச்சிக்காரர்களோடு வீரமாகப் போரிட்டு உயிர்நீத்தார்." வானொலியில் மூன்று வேளையும் அதையே சொன்னார்கள்.

அதைச் சான் நியோ வீட்டில் உட்கார்ந்து, தாடியைச் சொறிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். சாயங்காலம் இரங்கல் கடிதத்தோடு கர்னல் வந்தார். கதவைத் திறந்த சான் நியோவிடமே அதைக் கொடுத்தார்.

"ஊ சான் நியோ, நீங்க செத்துட்டீங்க. தயவுசெஞ்சு ஒத்துழைக்கணும்."

"என்ன செய்யணுங்க?"

"நடிக்கக் கூடாது. கையெழுத்துப் போடக் கூடாது. தேநீர்க்கடைக்குப் போகலாம், ஆனா பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பக் கூடாது."

"இனிமே சுடறதுக்குக் கூப்பிட மாட்டீங்களே?"

"செத்தவங்களக் கூப்பிட விதியில்ல" என்றார் கர்னல். நேர்மையான மனிதர் ஆகையால், "இதுவரைக்கும்" என்று சேர்த்துக்கொண்டார்.

அந்தப் படத்தைக் கொட்டகைகளில் காட்டினார்கள். தளபதிக்குப் பிடித்த படத்தைக் காட்டாமல் இருக்க முடியாது. முதல் நாள் ஜனங்கள் பேசாமல் பார்த்தார்கள். இரண்டாம் நாள் சான் நியோ பொம்மையின் கையைப் பிடித்தபோது கொட்டகையே எழுந்து நின்றது. எதற்கு எழுந்தோம் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் படம் காட்டும் கருவி பழுதடைந்துவிட்டதாக நாடு முழுக்க ஒரே நேரத்தில் அறிவிப்பு வந்தது.

ஆனால் சான் நியோவுக்குத் தூக்கம் இல்லை. படம் மூன்று நாள்தான் ஓடியது. வானொலி எல்லைக்கும் காட்டுக்கும் கேட்கும். அதில் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்: கிளர்ச்சிக்காரர்களோடு போரிட்டார். சுடாமல் இருப்பதற்காகச் செத்தார். செத்த பிறகு சுட்டவராகிவிட்டார்.

"அவ நம்பிட்டாளா மியா யீ?"

"எனக்கென்ன தெரியும்."

"நம்பியிருந்தா?"

"செத்துட்டீங்கன்னு மட்டும் நம்பியிருந்தா அழுவா. சுட வந்தீங்கன்னும் நம்பியிருந்தா அழக்கூட மாட்டா. ரெண்டுல எது தேவலன்னு நீங்களே பாத்துக்கங்க."

அவர் பார்த்துக்கொண்டேயிருந்தார். ஏழு வாரம் கழித்து எல்லையிலிருந்து பூண்டு விற்க வந்த ஒரு பெண், ஒரு கட்டுப் பூண்டைக் கொடுத்துவிட்டு, "வேர்ப் பக்கம் பிரிச்சுப் பாருங்கம்மா, நல்ல சரக்கு" என்று சொல்லிப் போனாள். உள்ளே சிகரெட் பெட்டித் தாள் இருந்தது. கேத்தியின் கையெழுத்து, எப்போதும் போல மருத்துவர் கையெழுத்து. மியா யீ தட்டுத் தடுமாறிப் படித்தாள். சான் நியோ சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"அம்மா, அப்பா எங்கள எதிர்த்து வீரமா சண்டை போட்டு செத்துட்டாருன்னு ரேடியோல சொன்னாங்க. இங்க எல்லாரும் என்னையே பாத்தாங்க. செருப்பு கடிச்சாலே ரெண்டு நாள் படுத்துக்கற மனுஷன் எங்கப்பா. வீரம்னு சொன்னதுமே புரிஞ்சுபோச்சு, அவர் ஏதோ நல்லா நடிச்சிருக்காருன்னு. நான் சிரிச்சேன், அப்புறம் எல்லாரும் சிரிச்சாங்க. அவர் சௌக்கியந்தானே? சாகறதுக்கு எத்தனை நிமிஷம் எடுத்துக்கிட்டாருன்னு இங்க பந்தயம் நடக்குது. நான் மூணு சொல்லியிருக்கேன். எழுதி அனுப்பு."

சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தவரின் தோள்கள் குலுங்கின. சிரிப்பா அழுகையா என்று மியா யீ போய்ப் பார்க்கவில்லை. பென்சிலைத் தேடி எடுத்து, தாளின் பின்பக்கத்தில் எழுதினாள். எழுதியதை உரக்கவும் படித்தாள்.

"நாலு நிமிஷம். கடைசி நிமிஷம் தேவையே இல்ல."

"அடியே, அந்தக் கடைசி நிமிஷம்தான்டி நடிப்பு" என்றார் செத்தவர்.

"அதையும் எழுதட்டுமா?"

"எழுது."